42 பேரில் 41 பேர்: ஆறு முறை விசாரிக்கப்பட்ட கர்ட்டிஸ் ஃபிளவர்ஸ் வழக்கு

2010 ஜூன் மாதம், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் வைனோனா என்ற சின்ன ஊரில், ஒரு கொலை வழக்குக்கு ஜூரர்களை, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்யப்போகும் சாதாரண மக்களை, தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்று அரசுத் தரப்பு ஐந்து கறுப்பினத்தவரை வேண்டாம் என்று நீக்கியது. நீக்குவதற்கு முன் அந்த ஐந்து பேரிடமும் கேட்ட கேள்விகள் மொத்தம் 145. கடைசியில் ஜூரியில் உட்கார்ந்த 11 வெள்ளையரிடம், பதினொரு பேரையும் சேர்த்து, கேட்ட கேள்விகள் 12. ஒரு பக்கம் ஆளுக்கு 29 கேள்வி, இன்னொரு பக்கம் ஆளுக்கு ஒன்று.

குற்றம் சாட்டப்பட்டவர் கர்ட்டிஸ் ஃபிளவர்ஸ், கறுப்பினத்தவர். அதே குற்றத்துக்காக அவரை விசாரிப்பது அது ஆறாவது முறை. ஜூரி அரை மணி நேரம் பேசி, குற்றவாளி என்றது. மரண தண்டனை விதிக்கப்பட்டது. அது நான்காவது மரண தண்டனை.

அமெரிக்காவில் 1973க்குப் பிறகு மரண தண்டனை பெற்று, பின்னர் குற்றச்சாட்டிலிருந்து முழுவதுமாக விடுவிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை 2024இல் 200ஐத் தொட்டது. அவர்களில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். மக்கள்தொகையில் அவர்கள் பங்கு ஏறத்தாழ 13 சதவீதம்தான். இந்த 200 வழக்குகளில் இதைவிடக் கொடூரமான கதைகள் இருக்கின்றன. ஆனாலும் நான் இந்த வழக்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. மற்ற வழக்குகளில் ஒருவர் ஒரு முறை விசாரிக்கப்படுவார், தண்டிக்கப்படுவார். தீர்ப்பில் இனம் எவ்வளவு வேலை செய்தது, ஆதாரம் எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துப் பார்க்க வழியே இருக்காது. இங்கே அதே கொலை, ஏறத்தாழ அதே ஆதாரம், ஆறு தடவையும் அதே அரசு வழக்கறிஞர். பெரிதாக மாறியது ஜூரி இருக்கைகளில் உட்கார்ந்தவர்கள் மட்டும். அதனால் இங்கே பிரித்துப் பார்க்க முடிகிறது.

டார்டி ஃபர்னிச்சர், 1996 ஜூலை 16

வைனோனாவில் அப்போது சுமார் 5,000 பேர் இருந்தார்கள். கறுப்பினத்தவர் 53 சதவீதம், வெள்ளையர் 46 சதவீதம். ஊரின் நடுவே இருந்த டார்டி ஃபர்னிச்சர் என்ற மரச்சாமான் கடையில், ஜூலை 16 காலை, நான்கு பேர் தலையில் சுடப்பட்டுக் கிடந்தார்கள். கடை உரிமையாளரான 59 வயதுப் பெண்மணி, 45 வயது ஊழியர் ஒருவர், 42 வயது ஊழியர் ஒருவர், கோடை விடுமுறை வேலைக்கு வந்திருந்த 16 வயதுப் பையன். மூன்று பேர் அங்கேயே இறந்துவிட்டார்கள். பையன் சில நாள் மருத்துவமனையில் போராடி இறந்தான். நால்வரில் மூவர் வெள்ளையர், ஒருவர் கறுப்பினத்தவர்.

இப்படி ஒரு கொலை அந்த ஊர் கண்டதில்லை. எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்த ஊர் அது. துப்புக் கொடுப்பவருக்கு 30,000 டாலர் பரிசு என்று அறிவித்தார்கள். மாதங்கள் போயின, யாரையும் கைது செய்யவில்லை. 1997 ஜனவரியில் கர்ட்டிஸ் ஃபிளவர்ஸைப் பிடித்தார்கள். கொலை நடந்தபோது அவருக்கு வயது 26. அதற்கு முன் அவர் மேல் எந்தக் குற்றப் பதிவும் இல்லை. சர்ச்சில் பாடும் குடும்பத்துப் பிள்ளை.

அரசுத் தரப்பு சொன்ன காரணம் இது: கொலைக்குச் சில வாரங்களுக்கு முன் ஃபிளவர்ஸ் அந்தக் கடையில் ஒரு சில நாட்கள் வேலை பார்த்தார். கோல்ஃப் வண்டியின் பேட்டரிகள் அவர் கையில் சேதமாகிவிட்டன. அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடித்தார்கள், பிறகு வேலையும் போயிற்று. அந்தக் கோபத்தில் நான்கு பேரைக் கொன்றார் என்பது வாதம். நூறு டாலர்கூடத் தேறாத ஒரு பிடித்தம் அது.

கையில் என்ன ஆதாரம் இருந்தது

கொலை செய்த துப்பாக்கி கிடைக்கவில்லை. சுடுவதைப் பார்த்த சாட்சி இல்லை. கைரேகை, டிஎன்ஏ எதுவும் ஃபிளவர்ஸைக் கடையோடு இணைக்கவில்லை. மூன்று சங்கிலிகளை வைத்துத்தான் அரசுத் தரப்பு வழக்கைக் கட்டியது.

முதலாவது, வழி. அன்று காலை ஃபிளவர்ஸ் ஊருக்குக் குறுக்கே நடந்து போய், ஒரு தொழிற்சாலை வாசலில் நின்ற உறவினர் ஒருவரின் காரிலிருந்து துப்பாக்கியைத் திருடி, வீட்டுக்குத் திரும்பி, மறுபடி கடைக்கு நடந்தார் என்பது கதை. அவர் நடந்துபோனதைப் பார்த்ததாகப் பலர் சாட்சி சொன்னார்கள். ஆனால் அவர்களில் பலரிடம் வாக்குமூலம் வாங்கியது வாரங்கள், மாதங்கள் கழித்து. அன்று அவர் என்ன உடை போட்டிருந்தார் என்பதில்கூட ஒருவர் சொன்னது மற்றவர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை. ஒரு சாதாரணக் காலையில், தெருவில் போன தெரிந்த மனிதர் ஒருவரை, எந்த நாள், எத்தனை மணிக்குப் பார்த்தோம் என்று சில மாதம் கழித்துக் கேட்டால் நம்மில் எத்தனை பேரால் சொல்ல முடியும்?

இரண்டாவது, தடயங்கள். ரத்தத்தில் பதிந்த ஷூ தடம் ஒன்று. ஃபிலா நிறுவனத்தின் கிராண்ட் ஹில் ரகம், பத்தரை அளவு. ஃபிளவர்ஸின் தோழி வீட்டில் அந்த ரகத்தின் காலிப் பெட்டி ஒன்று கிடைத்தது. அது தன் மகனுக்கு வாங்கியது என்றார் அவர். அந்த ஷூ அப்போது நாடு முழுக்கப் பிரபலம். அப்புறம், ஃபிளவர்ஸின் கையில் வெடிமருந்துத் துகள் ஒன்று. ஒன்றே ஒன்று. அதுவும் போலீஸார் அவரை விசாரணைக்கு அழைத்துப்போன பிறகு எடுத்த மாதிரியில்.

மூன்றாவது, சிறைக்குள் கேட்ட வாக்குமூலம். "என்னிடம் அவரே ஒப்புக்கொண்டார்" என்று சக கைதிகள் வந்து சொன்னார்கள். முதல் விசாரணையில் அப்படிச் சொன்னவர்கள் பிறகு பொய் சொன்னோம் என்றார்கள். பின்னால் வந்த ஒருவர்தான் அரசுத் தரப்பின் முதுகெலும்பாக ஆனார். விசித்திரம் என்னவென்றால், அந்த மனிதர் ஆரம்பத்தில் ஃபிளவர்ஸ் பக்கம் சாட்சி சொன்னவர். மூன்றாவது விசாரணையிலிருந்துதான் பல்டி அடித்து அரசுத் தரப்புக்குப் போனார். குற்றத்துக்கு நேரடி ஆதாரம் என்று சொல்லிக்கொள்ள இருந்தது அவர் பேச்சு மட்டுமே.

இவ்வளவுதான் கையிருப்பு. இதை நம்பி ஒருவரைக் கொல்லலாமா என்று 12 பேர் முடிவு செய்ய வேண்டும். அந்த 12 பேர் யார் என்பதில்தான் எல்லாமே இருந்தது.

12 இருக்கைகள்

நம் ஊர் நீதிமன்றத்தில் குற்றவாளியா இல்லையா என்று சொல்பவர் நீதிபதி. அமெரிக்காவில் கடுங்குற்ற வழக்குகளில் அதைச் சொல்வது வாக்காளர் பட்டியலிலிருந்து கூப்பிடப்படும் சாதாரண மக்கள். முதலில் பெரிய கூட்டமாக வரவழைப்பார்கள். அதிலிருந்து இரண்டு வழிகளில் ஆட்களைக் கழிப்பார்கள். இறந்தவரின் சொந்தக்காரர், முன்பே முடிவெடுத்துவிட்டவர் போன்றவர்களைத் தகுந்த காரணம் காட்டி நீதிபதி நீக்குவது ஒன்று. மரண தண்டனையை எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன் என்பவர்களும் இதில் போய்விடுவார்கள். கறுப்பினத்தவரிடையே அந்த எண்ணம் அதிகம் என்பதால், இந்த முதல் சல்லடையிலேயே அவர்கள் எண்ணிக்கை குறைந்துவிடும்.

இரண்டாவது வழிதான் நம் விஷயம். இரு தரப்புக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில், காரணமே சொல்லாமல் ஆட்களை நீக்கும் உரிமை உண்டு. முகம் பிடிக்கவில்லை என்றால்கூட நீக்கலாம்.

கறுப்பினத்தவரை ஜூரியில் உட்காரவே கூடாது என்று சட்டம் போடுவதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1880லேயே தடை செய்துவிட்டது. ஆனால் காரணம் சொல்லாமல் நீக்கும் உரிமை இருக்கும்வரை அந்தத் தடை ஏட்டில்தான் இருந்தது. வைனோனாவுக்கே இதில் ஒரு பழைய காயம் உண்டு. 1963 ஜூனில், வாக்குரிமைப் பயிற்சிக்குப் போய்த் திரும்பிய ஃபேன்னி லூ ஹேமரும் அவருடன் வந்தவர்களும் வைனோனா பேருந்து நிலையத்தில் கைது செய்யப்பட்டார்கள். அந்த ஊர்ச் சிறையில் வைத்து ஹேமரை அடித்த அடியில் அவர் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது, வாழ்நாள் முழுக்க அது தீரவில்லை. அடித்த அதிகாரிகள் மீது மத்திய அரசு வழக்குப் போட்டது. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி அவர்களை விடுவித்தது. ஃபிளவர்ஸ் வழக்கு நடந்த காலத்தில் அந்த ஊரில் இதை நேரில் அறிந்தவர்கள் உயிரோடு இருந்தார்கள்.

1986இல், கென்டக்கி மாநிலத்தின் பேட்சன் வழக்கில், உச்ச நீதிமன்றம் ஒரு விதி வகுத்தது. இனத்தைக் காரணமாக வைத்து ஜூரரை நீக்கக் கூடாது. அப்படி நீக்குவதாக எதிர்த்தரப்பு சந்தேகம் எழுப்பினால், அரசு வழக்கறிஞர் இனம் சாராத ஒரு காரணத்தைச் சொல்ல வேண்டும். அது உண்மையா, சாக்கா என்று நீதிபதி முடிவு செய்வார். அன்றே நீதிபதி தர்குட் மார்ஷல் தனியாக எழுதி எச்சரித்தார்: இது போதாது, சாக்கு சொல்வது யாருக்கும் எளிது, காரணம் சொல்லாமல் நீக்கும் உரிமையையே எடுத்துவிட வேண்டும். அவர் சொன்னது போலவே நடந்தது. 1995இல் மிசௌரி வழக்கு ஒன்றில், நீளமான தலைமுடியும் மீசை தாடியும் இருந்ததால் நீக்கினேன் என்ற விளக்கத்தையே உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

ஆறு விசாரணைகள்

டக் எவன்ஸ் 1991இல் அந்த மாவட்டத்தின் தலைமை அரசு வழக்கறிஞராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அமெரிக்காவில் இது தேர்தலில் நின்று ஜெயிக்கும் பதவி. ஆறு விசாரணைகளையும் நடத்தியவர் அவர்தான்.

முதல் விசாரணை 1997இல் டுபேலோவில். நீக்க வாய்ப்பிருந்த ஐந்து கறுப்பினத்தவரையும் எவன்ஸ் நீக்கினார். வெள்ளையர் மட்டுமே கொண்ட ஜூரி மரண தண்டனை கொடுத்தது. அரசு வழக்கறிஞரின் முறைகேடுகளைக் காரணம் காட்டி மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பை ரத்து செய்தது.

இரண்டாவது, 1999இல் கல்ஃப்போர்ட்டில். மறுபடி ஐந்து கறுப்பினத்தவர், ஐந்து பேரையும் நீக்கப் பார்த்தார். ஒருவரைப் பற்றி, கவனமில்லாமல் தூங்கி வழிந்தார் என்றார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த நீதிபதியே அப்படி நடக்கவில்லை என்று சொல்லி அந்த நபரை ஜூரியில் உட்காரவைத்தார். ஜூரி 11 வெள்ளையர், ஒரு கறுப்பினத்தவர். மரண தண்டனை. மீண்டும் முறைகேடு, மீண்டும் ரத்து.

மூன்றாவது, 2004இல் வைனோனாவிலேயே. தனக்கிருந்த 15 வாய்ப்புகளையும் எவன்ஸ் கறுப்பினத்தவரை நீக்கவே பயன்படுத்தினார். 11 வெள்ளையர், ஒரு கறுப்பினத்தவர். மரண தண்டனை. இந்த முறை மாநில உச்ச நீதிமன்றம் நேரடியாகவே இனப் பாகுபாடு என்று சொல்லி ரத்து செய்தது. ஜூரித் தேர்வில் இவ்வளவு வலுவான பாகுபாட்டுக் குற்றச்சாட்டைத் தாங்கள் இதுவரை பார்த்ததில்லை என்று அந்த நீதிபதிகள் எழுதினார்கள். மிசிசிப்பி நீதிபதிகள் எழுதினார்கள் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகும் அதே வழக்கு அதே ஆளின் கைக்கே திரும்பிப் போனது. எனக்கு இந்த வழக்கில் மிகவும் ஆறாத இடம் இதுதான். நீதிமன்றம் தவறு என்று சொன்னது, தவறு செய்தவரிடமே மறுபடி ஒப்படைத்தது. அபராதம் இல்லை, விலக்கல் இல்லை. ஜூரியால் ஒருமனதாக முடிவெடுக்க முடியாமல் போனாலும், தண்டனைத் தீர்ப்பு மேல்முறையீட்டில் இப்படி ரத்தானாலும் மறுபடி விசாரிக்கலாம் என்கிறது சட்டம். எத்தனை முறை என்பதற்கு எல்லையே இல்லை.

2007இல் நான்காவது விசாரணை. இந்த முறை அரசுத் தரப்பு மரண தண்டனை கேட்கவில்லை. எவன்ஸ் 11 பேரை நீக்கினார், 11 பேரும் கறுப்பினத்தவர். ஆனால் வந்திருந்த கூட்டத்தில் கறுப்பினத்தவர் நிறைய இருந்தார்கள், எல்லாரையும் நீக்க அவரிடம் வாய்ப்புகள் போதவில்லை. ஐந்து பேர் ஜூரிக்குள் வந்துவிட்டார்கள். ஏழு வெள்ளையரும் குற்றவாளி என்றார்கள். ஐந்து கறுப்பினத்தவரும் இல்லை என்றார்கள். ஒருமனதாக இல்லாததால் விசாரணை தீர்ப்பில்லாமல் முடிந்தது.

இந்த விசாரணைதான் இந்த வழக்கின் திறவுகோல் என்று நினைக்கிறேன். அந்த ஐந்து பேரும் இனப் பாசத்தில் அப்படிச் சொன்னார்கள் என்று வைனோனாவில் சிலர் பேசினார்கள். அப்படியானால் அந்த ஏழு பேர்? ஒரு பக்கத்து ஒற்றுமையைப் பாசம் என்றும் மறு பக்கத்து ஒற்றுமையை நியாயம் என்றும் எப்படிச் சொல்வது? துப்பாக்கியும் நேரடி சாட்சியும் இல்லாமல், சிறைக் கைதியின் பேச்சையும் ஒற்றைத் துகளையும் வைத்து ஒருவர் சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றவாளி என்று சொல்லத் தயங்குவது எனக்கு இயல்பாகத்தான் படுகிறது.

2008இல் ஐந்தாவது விசாரணை. ஒன்பது வெள்ளையர், மூன்று கறுப்பினத்தவர். மறுபடி ஒருமனதான தீர்ப்பு இல்லை. இந்த முறை தனியாக நின்றவர் ஒரே ஒருவர், கறுப்பினத்தவர். அவரைப் பொய்ச் சத்தியக் குற்றம் சாட்டிக் கைது செய்தார்கள்! குற்றச்சாட்டு பின்னர் கைவிடப்பட்டது. ஆனால் அடுத்த ஜூரிக்கு வரப்போகும் ஊர்க்காரர்களுக்கு அந்தக் கைது என்ன சொல்லியிருக்கும்?

ஆறாவது விசாரணையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். ஆறு கறுப்பினத்தவரில் ஐந்து பேரை நீக்கி, ஒருவரை மட்டும் விட்டார். 11 வெள்ளையர், ஒரு கறுப்பினத்தவர், அரை மணி நேரம், மரண தண்டனை.

ஐந்தாவது விசாரணையில் யார் யாரை நீக்கினார்கள் என்பதன் இன விவரம் பதிவில் இல்லை. மற்ற ஐந்தையும் கூட்டினால், நீக்க வாய்ப்பிருந்த 42 கறுப்பினத்தவரில் 41 பேரை எவன்ஸ் நீக்கியிருந்தார், அல்லது நீக்கப் பார்த்திருந்தார்.

வாஷிங்டனில்

ஆறாவது தீர்ப்பை மிசிசிப்பி உச்ச நீதிமன்றம் 2014இல் உறுதி செய்தது. இடையில் 2016இல், ஜார்ஜியாவின் ஃபாஸ்டர் வழக்கில், கறுப்பின ஜூரர்களின் பெயர்களைப் பச்சை மையால் குறித்து ஓரத்தில் அடையாள எழுத்துப் போட்டிருந்த அரசுத் தரப்புக் குறிப்புகள் வெளியே வந்து, அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அதன் வெளிச்சத்தில் ஃபிளவர்ஸ் வழக்கையும் மறுபடி பாருங்கள் என்று திருப்பி அனுப்பியது. மிசிசிப்பி 2017இல் மறுபடி உறுதி செய்தது. பிறகுதான் வாஷிங்டன் அதை எடுத்துக்கொண்டது. 2019 மார்ச்சில் வாதம். ஃபிளவர்ஸுக்காக வாதாடியவர் சட்டப் பேராசிரியர் ஷெரி லின் ஜான்சன்.

2019 ஜூன் 21 அன்று தீர்ப்பு வந்தது. 7க்கு 2 என்ற பெரும்பான்மையில் ஃபிளவர்ஸுக்குச் சாதகம். எழுதியவர் பழமைவாதப் பக்கத்தவர் என்று அறியப்படும் பிரெட் கவனாக். அவர் சட்ட மாணவராக இருந்தபோதே பேட்சன் விதியைப் பற்றிக் கட்டுரை எழுதியவர்.

தீர்ப்பில் என்னை உட்காரவைத்த பகுதி, பெரிய கொள்கைப் பேச்சு இல்லை. ஒரே ஒரு பெண்மணியைப் பற்றிய ஒப்பீடு. நீக்கப்பட்ட கறுப்பினப் பெண் ஒருவருக்கு வழக்கோடு தொடர்புடைய 34 பேரைத் தெரியும், ஃபிளவர்ஸின் தந்தையோடு ஒரே கடையில் வேலை பார்த்தவர், அதனால் நீக்கினோம் என்றது அரசுத் தரப்பு. சரி, வெள்ளையர் பக்கம் பார்த்தால்? ஒருவருக்கு 31 பேரைத் தெரியும், இன்னொருவருக்கு 27, இன்னொருவருக்கு 18. வங்கி வேலையில் ஃபிளவர்ஸ் குடும்பத்தாரோடு பழகியவர்களும் அதில் இருந்தார்கள். அவர்களிடம் எப்படிப் பழக்கம், எவ்வளவு பழக்கம் என்று எவன்ஸ் தோண்டிக் கேட்கவில்லை. 5,000 பேர் ஊரில் யாருக்குத்தான் யாரைத் தெரியாது! தெரிந்திருப்பது உண்மையிலேயே கவலை என்றால் எல்லாரிடமும் கேட்டிருப்பார். ஒரு சாராரிடம் மட்டும் துருவிக் கேட்டால், வித்தியாசமான விடைகள் அந்தச் சாராரிடமிருந்து மட்டும்தான் கிடைக்கும். பிறகு அந்த விடைகளையே நீக்குவதற்குக் காரணமாகக் காட்டலாம். 145க்கும் 12க்கும் பொருள் அதுதான் என்று தீர்ப்பு விளக்கியது. ஜூரியிலிருந்து கறுப்பினத்தவரை அகற்ற அரசுத் தரப்பு விடாப்பிடியாக முயன்றது, முடிந்தால் முழு வெள்ளை ஜூரியையே விரும்பியது என்று கவனாக் எழுதினார்.

மாறுபட்டவர்களில் ஒருவர் கிளாரன்ஸ் தாமஸ், அப்போது அந்த நீதிமன்றத்தின் ஒரே கறுப்பின நீதிபதி. இந்தத் தீர்ப்பில் ஏதாவது நல்லது இருக்கிறது என்றால், ஃபிளவர்ஸை மறுபடி தண்டிக்க மாநிலத்துக்கு முழுச் சுதந்திரம் இருக்கிறது என்பதுதான் என்று எழுதினார். படிக்கக் கடினமாக இருந்தது. ஆனால் சட்டப்படி அவர் சொன்னது சரி. ஏழாவது விசாரணைக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை.

இங்கே ஒன்றை யோசிக்க வேண்டும். 1987இல் மெக்லெஸ்கி வழக்கில், ஜார்ஜியாவில் வெள்ளையரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு மரண தண்டனை கிடைக்கும் வாய்ப்பு 4.3 மடங்கு அதிகம் என்று காட்டும் விரிவான ஆய்வு உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. புள்ளிவிவரம் போதாது, இந்தக் குறிப்பிட்ட வழக்கில் பாகுபாடு நடந்ததைக் காட்டு என்று 5க்கு 4 என்ற கணக்கில் நிராகரித்தார்கள். அந்தத் தீர்ப்பை எழுதிய லூயிஸ் பவல், ஓய்வுக்குப் பிறகு, வாக்கை மாற்ற முடிந்தால் அந்த வழக்கில் மாற்றுவேன் என்றார். வாரன் மெக்லெஸ்கி 1991இல் கொல்லப்பட்டார். தன் ஒரே வழக்குக்குள்ளேயே பாகுபாட்டைக் காட்ட வேண்டும் என்ற அந்தச் சுவரை ஃபிளவர்ஸ் தாண்ட முடிந்ததற்குக் காரணம், ஒரே வழக்கறிஞர் ஒரே மனிதரை ஆறு முறை விசாரித்ததால் சேர்ந்த எண்ணிக்கை. ஒரு முறை விசாரிக்கப்பட்டு, ஐந்து கறுப்பின ஜூரர்கள் நீக்கப்பட்டு, ஐந்து சாக்குகள் சொல்லப்பட்டு, அப்படியே தண்டனைக்குப் போனவர்களிடம் காட்ட 42 பேர் கணக்கு இல்லை.

சாட்சிகள் கலைந்தபோது

நீதிமன்றம் பார்த்தது ஜூரித் தேர்வை மட்டும். ஃபிளவர்ஸ் கொன்றாரா என்ற கேள்வியை அது தொடவில்லை. அதைத் தொட்டவர்கள் பத்திரிகையாளர்கள். ஏபிஎம் ரிப்போர்ட்ஸ் குழுவினர் வைனோனாவுக்கே குடிபோய், ஏறத்தாழ ஓராண்டு தங்கி, வீடு வீடாகப் போய்ச் சாட்சிகளைச் சந்தித்தார்கள். நீதிமன்றக் கிடங்குகளில் கிடந்த பழைய பதிவேடுகளைப் பக்கம் பக்கமாக நகலெடுத்தார்கள். 1992 முதல் 2017 வரையான 225 விசாரணைகளை ஆராய்ந்து, எவன்ஸின் அலுவலகம் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரை 4.4 மடங்கு விகிதத்தில் நீக்கியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். ஆக, இது ஃபிளவர்ஸ் வழக்கோடு நிற்கவில்லை.

அந்த முக்கிய சாட்சி, சிறைக் கைதி, 2016இல் மூன்று பேரைக் கொன்று, மூன்று ஆயுள் தண்டனையோடு பார்ச்மன் சிறையில் இருந்தார். 2018இல் அங்கிருந்து பத்திரிகையாளர்களிடம் பேசும்போது, ஃபிளவர்ஸ் தன்னிடம் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை, சொன்னதெல்லாம் கற்பனை என்றார். வேறொரு சந்தேக நபரைக் கொலைக்குப் பிந்தைய நாட்களில் போலீஸ் பிடித்துவைத்து விசாரித்ததும், அது ஃபிளவர்ஸின் வழக்கறிஞர்களுக்குத் தெரிவிக்கப்படாததும் வெளியே வந்தன.

எவன்ஸ் கடைசி வரை தன் நிலையில் மாறவில்லை, ஃபிளவர்ஸ்தான் கொலையாளி என்றே சொன்னார். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த சில மாதங்களில், 2019 நவம்பரில், எதிர்த்து ஒருவரும் நிற்காத தேர்தலில் அதே பதவிக்கு மீண்டும் வந்தார்.

வெளியே

2019 டிசம்பர் 16 அன்று, 2,50,000 டாலர் பிணையில் ஃபிளவர்ஸ் வெளியே வந்தார். கட்ட வேண்டிய 25,000 டாலரைப் பெயர் சொல்லாத ஒருவர் கொடுத்தார். கைதாகி ஏறத்தாழ 23 ஆண்டுகள். உள்ளே போகும்போது இருபதுகளில் இருந்தவர், வரும்போது ஐம்பதைத் தொட இருந்தார். வாசலில் தந்தை இருந்தார். தாய் இல்லை, 2018இல் இறந்துவிட்டார்.

2020 ஜனவரியில் எவன்ஸ் வழக்கிலிருந்து ஒதுங்கினார். மாநில அட்டர்னி ஜெனரல் லின் ஃபிட்ச் வழக்கை எடுத்துப் பார்த்தார். குற்றத்துக்கு நேரடி ஆதாரம் தந்த ஒரே சாட்சி பின்வாங்கிவிட்டார், உயிரோடிருக்கும் முக்கிய சாட்சிகளில் முரணில்லாமல் பேசியவர் எவரும் இல்லை, வன்முறைப் பின்னணி உள்ள வேறு சந்தேக நபர்கள் இருந்திருக்கிறார்கள் என்று அவர் அலுவலகம் மனுவில் எழுதியது. 2020 செப்டம்பர் 4 அன்று, மறுபடி தொடுக்க முடியாத வகையில் வழக்கு தள்ளுபடியானது.

மிசிசிப்பி சட்டப்படி, தவறாகச் சிறையில் இருந்தவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர் இழப்பீடு, அதிகபட்சம் ஐந்து லட்சம். அதாவது பத்து ஆண்டுக்கு மட்டும் விலை உண்டு. ஃபிளவர்ஸின் மீதி ஆண்டுகளுக்கு ஒரு காசும் கிடையாது. 2021இல் அவர் எவன்ஸ் மீதும் புலனாய்வாளர்கள் மீதும் வழக்குத் தொடுத்தார். ஆனால் நீதிமன்றத்தில் வழக்கு நடத்தும் பணிக்காக அரசு வழக்கறிஞரிடம் நஷ்டஈடு கேட்க முடியாது என்று 1976லேயே உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு முழுப் பாதுகாப்பு கொடுத்துவிட்டது. எவன்ஸ் 2023இல் ஓய்வு பெற்றார்.

சில மாநிலங்கள் வேறு பாதையில் போகத் தொடங்கியிருக்கின்றன. வாஷிங்டன் மாநிலம் 2018இல், போலீஸை நம்பவில்லை, குற்றப் பகுதியில் வசிக்கிறார் என்பது போன்ற வழக்கமான சாக்குகளைச் செல்லாதவையாக்கும் விதி கொண்டுவந்தது. கலிஃபோர்னியா 2020இல் அதைப் பின்பற்றிச் சட்டம் இயற்றியது. அரிசோனா, மார்ஷல் அன்று கேட்டதையே செய்தது: 2022 ஜனவரி முதல் காரணம் சொல்லாமல் ஜூரரை நீக்கும் உரிமையே அங்கு இல்லை.

வைனோனாவில் நான்கு குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. ஆறு முறை நீதிமன்றத்துக்கு வந்து, தங்கள் ஆட்கள் எப்படிச் செத்தார்கள் என்பதை ஆறு முறை கேட்டவர்கள். இவர்தான் கொன்றார் என்று 23 ஆண்டு அவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஒரே ஆளை மறுபடி மறுபடி நிறுத்துவதிலேயே அந்த ஆண்டுகள் போயின. துப்பாக்கியை, ஷூவை, வேறு சந்தேக நபர்களைத் தேட வேண்டிய காலம் அது. டார்டி கடைக் கொலைகளுக்காக, ஃபிளவர்ஸைத் தவிர, இதுவரை யாரும் விசாரணைக் கூண்டில் ஏற்றப்படவில்லை.